நாற்பது குழி

நேற்று சாயங்காலம் கோவில்பட்டியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது, மச்சான். வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ, தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. தூறல் விழுந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கந்தக நெடி வந்தது. ஏதோ ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு மருந்து கலக்கப் போகிற மூட்டைகளாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் போகிற ரயில் கடந்ததும் தெரியவில்லை, கேட்டைத் தூக்கியதும் தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்து, "அண்ணாச்சி, நின்னுக்கிட்டே தூங்குதீயளோ?" என்று கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.

கோவில்பட்டியில் கந்தக நெடிக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவுக்குத் தெரு இருக்கிறது. எனக்கு மட்டும் அது வந்தால் நாம் வேலை பார்த்த தீவு வந்துவிடும். சித்திரை வெயிலில் நீ முன்னாலும் நான் பின்னாலுமாக, ஆளுக்கொரு துருத்தியில் அந்த மஞ்சள் தூளை நிரப்பிக்கொண்டு, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத் திராட்சை இலைமேல் ஊதியபடி ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறியது வந்துவிடும். சாயங்காலம் கண் இரண்டும் சிவந்து, ஒருவரையொருவர் பார்த்து, "எவன் செத்துட்டான்னு இப்படி அழுத?" என்று நீ கேட்பாய். தினமும் அதே கேள்விதான் கேட்பாய். நானும் தினமும் சிரிப்பேன்.

நேற்று நான் போய்க்கொண்டிருந்தது உன் வீட்டுக்குத்தான். நீ போய் எட்டு மாசம் ஆகிறது. சுமையை இறக்கிவிட்டு ஆட்டோ ஓரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்த நாளிலிருந்து, உன் வீட்டுக்காரியிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். காரியத்தன்று சொல்ல முடியுமா? முடியாது. நாற்பதாம் நாள் முடியட்டும் என்றேன். பிறகு விதைப்பு என்றேன். சாக்குக்கா பஞ்சம். நேற்று ஒரு மாதிரி அலுத்துப்போய், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை என்று மிளகாய் வயலில் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன். விளாத்திகுளத்திலிருந்து வழி நெடுக, எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டே வந்தேன். அதே வரிசையில் உனக்கும் எழுதுகிறேன். உனக்குத் தெரியாத விஷயம் இதில் கடைசியில்தான் வரும்.

நீ கப்பல் வேலைக்கு என்று தூத்துக்குடியில் ஏறிப் போனவன். எப்படியோ ஆப்பிரிக்காவை ஒட்டிக் கிடக்கிற அந்த ஸ்பெயின்காரர் தீவில், லான்சரோட்டேயில், இறங்கினாய். துறைமுகத்தில் எதையெதையோ செய்து, கடைசியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நிலைத்தாய். ஆறு வருஷம் கழித்து லீவில் வந்தபோது, நான் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, பருத்தியும் போய் கம்பும் போய், வீட்டில் கைப்பிள்ளையோடு முழித்துக்கொண்டிருந்தேன். "ஏலே மாப்ள, நீ பேசாம எங்கூட வா. உனக்கு மண்ணு வேல தெரியும். அங்கன அது போதும்" என்றாய். நான் எங்கே போகிறோம் என்றுகூடச் சரியாகக் கேட்கவில்லை. திராட்சைத் தோட்டம் என்றதும் தேனிப் பக்கம் பந்தல் போட்டிருப்பார்களே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒயின் செய்கிற ஊர் என்று நீ சொன்னதும் என் வீட்டுக்காரி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒயின்ஷாப் என்று பேர். அதில் ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். அவளுக்குத் தெரிந்த ஒயின் அதுதான்.

பங்குனியில் வந்து இறங்கினேன். தோட்டத்துக்கு முதல் நாள் கூட்டிப்போனாய். கண்ணுக்கெட்டிய மட்டும் கருப்பு. ஒரு மரம் இல்லை. கருப்புத் தரையில் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாக வட்டம் வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் காற்று வருகிற பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருந்தது. குழிக்குள் ஒரே ஒரு திராட்சைச் செடி, பந்தல் ஏதும் இல்லாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் குழி, ஆயிரக்கணக்கில் செடி. நான் உட்கார்ந்து ஒரு கை அள்ளிப் பார்த்து, "யப்பா, நம்ம கரிசலுல்லா இது" என்றேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கருப்பா இருந்தா கரிசலாலே? நனைச்சுப் பாரு, ஒட்டுதான்னு." பாட்டிலில் இருந்த தண்ணீரை என் கையில் ஊற்றினாய். ஒட்டவில்லை. பொடிப்பொடிக் கல்லாக, அரைகுறையாகப் பொடித்த அடுப்புக்கரி மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. சில நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே எரிமலை வெடித்து, நல்ல விளைச்சல் நிலத்தையெல்லாம் அந்தச் சாம்பல் மூடிவிட்டதாம். சம்சாரிகள் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஓடாமல் நின்ற சில பேர் சாம்பலைத் தோண்டிப் பார்த்தபோது, கீழே பழைய மண் ஈரமாக இருந்திருக்கிறது. அதுவரைக்கும் குழி தோண்டிச் செடியை அந்த மண்ணில் வைத்து, வேரைச் சுற்றிச் சாம்பலை மெலிதாகப் பரப்பிவிட்டார்கள். ராத்திரிப் பனியை அந்தச் சாம்பல் உறிஞ்சிக் கீழே இறக்கும், பகல் வெயிலை உள்ளே விடாது. மழையே இல்லாத ஊரில் விவசாயம் நடப்பது இப்படித்தான் என்று நீ சொன்னாய். "இந்தச் சாம்பல் மேல, அந்த மண்ணு கீழ. ரெண்டும் கலக்கக் கூடாது. அவ்ளோதான்டா இந்த ஊரு வெவசாயம்" என்றாய்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் இன்றைக்குச் சொன்னால் அது பொய்.

அந்த ஒன்பது மாசம் நாம் ஒரே அறையில் கிடந்தோம். ஆடியில் பழம் பறிப்பு. குனிந்தே பறிக்க வேண்டும், குழிக்குள் இறங்கிக் கூடையை மேலே ஏற்ற வேண்டும், இடுப்பு செத்துப்போகும். உனக்குப் பேச்சு வரும், ஸ்பானியத்தில் மேஸ்திரியையே கிண்டல் செய்வாய். அவன் உன்னைத் தோளில் தட்டுவான். உன் பொறுப்பில்தான் ஒரு பகுதி இருந்தது, முதலாளியின் அப்பா கையால் வைத்த பழைய கொடிகள். என்னை அந்தப் பகுதியில் உன்கூடப் போட்டார்கள். முதல் வருஷம் ஒப்பந்தம், பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள். "நான் கையெழுத்துப் போட்டுல்லா ஒன்னக் கூட்டியாந்திருக்கேன். பேரக் கெடுத்துராதலே" என்று விளையாட்டாகச் சொல்வாய். ஒரு வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரிகிறது.

மார்கழியில் உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் பக்கத்துப் பெரிய தீவுக்குக் கப்பலேறிப் போனாய். மூன்று நாள். நீ போன ராத்திரியே மழை. அந்த ஊரில் மழையா? ஒன்பது மாசத்தில் நான் ஒரு சொட்டுப் பார்த்ததில்லை. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் கருப்பாக நனைந்து கிடக்கிறது தரை. எனக்கு என்ன ஆனது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கிறுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். மேஸ்திரி பண்டிகை லீவில் இருந்தான். கேட்க ஆள் இல்லை.

நம் ஊரில் மழை பெய்து, கால் வைத்தால் ஒட்டாத பதம் வந்ததும் என்ன செய்வோம்? கொத்திவிடுவோம். மேல்மண் இறுகி வெடித்துவிட்டால் ஈரம் அத்தனையும் வெடிப்பு வழியே போய்விடும். பதம் தப்புவதற்குள் குடும்பத்தோடு இறங்கிக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு வெள்ளாமை தவறியது மாதிரி. என் அப்பா மழை விட்ட மறுநாள் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டார். அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது, புத்தியில் இல்லை. நான் மம்பட்டியை எடுத்தேன். சும்மா சாம்பலை மட்டும் கிளறினால் போதுமா என்று ஒரு நினைப்பு. மெலிதாக இருந்த சாம்பலைத் தாண்டிக் கீழ் மண்ணை வெட்டினேன். பழுப்பு மண், ஈரமாக, கையில் பிசைந்தால் உருளுகிற மண். இவ்வளவு நல்ல மண்ணைக் கீழே புதைத்து வைத்திருக்கிறார்களே பாவிகள் என்று புரட்டிப் புரட்டி மேலே கொண்டுவந்து, சாம்பலோடு கலந்து, கட்டி உடைத்து, செடியைச் சுற்றி அணைத்துவிட்டேன். ஈரத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன், மச்சான். அந்தச் சாம்பல் செய்கிற வேலையைத்தான் நானும் செய்வதாக நினைத்தேன். இரண்டு நாள், நாற்பது குழி. சந்தோஷமாக, பாட்டுப் பாடிக்கொண்டு செய்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீ வந்தாய். பையைக்கூட இறக்கவில்லை. கருப்புத் தரையில் நாற்பது பழுப்புப் பொட்டு தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். கல் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டாய்.

"ஏலே. என்னல செஞ்ச?"

"ஈரம் போயிரக் கூடாதுன்னு கொத்திவிட்டேன்."

"எத்தன?"

"நாப்பது."

நீ ஏசுவாய் என்று நின்றேன். ஒரு குழிக்குள் இறங்கி மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாய். அதற்குள் காற்றில் மேலே பொருக்குக் கட்டியிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்க வழி இல்லை, வெயில் உள்ளே இறங்க வழி இருந்தது. சாம்பலும் மண்ணும் கலந்தால் பிரிக்க முடியாது. நீ மேலே ஏறி வந்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாய். சாப்பிடும்போது சொன்னாய்: "நாளைக்கு மேஸ்திரி கேட்டா நீ வாயத் தொறக்காத. நாந்தான் போகும்போது சொல்லிட்டுப் போனேன்னு சொல்லுதேன். எனக்கு ஆறு வருசம் ஆச்சு. ஏசுவான், சம்பளத்தக் கொஞ்சம் பிடிப்பான், விட்டுருவான். ஒன்னயன்னா மறு கப்பல்ல ஏத்திருவான்."

மறுநாள் மேஸ்திரியோடு முதலாளியும் வந்தார். அப்பா வைத்த கொடி அல்லவா. மனுசன் ஒரு குழிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு எழுந்து, யார் செய்தது என்று கேட்டார். நீ உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "இவன் நான் சொன்னதைச் செய்தான், இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்றாய். ஊரில் எல்லோரிடமும் நான் என்ன சொல்லித் திரிந்தேன் தெரியுமா? எனக்கு அப்போது அந்தப் பாஷை தெரியாது, அவர்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை என்று. பொய். ஒன்பது மாசத்தில் முக்கால்வாசி விளங்கும். ஆறு வருஷம் இருந்தவனே இப்படிச் சொன்னால் இனி உன்னை எப்படி நம்புவது என்று முதலாளி கேட்டதும் விளங்கியது. வேலை இல்லை என்று சொன்னதும் விளங்கியது. நீ ஏச்சு வாங்கிக்கொள்வதாகத்தான் சொன்னாய். வேலையை விடுவதாகச் சொல்லவில்லை. இது வேறு என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்து நானும் என் நெஞ்சைத் தொட்டிருக்கலாம். அதற்குப் பாஷைகூட வேண்டாம். நான் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

வேலை போனால் அங்கே தங்குவதற்கான காகிதமும் போகும். பத்து நாளில் உன்னை அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு நீ சிரித்தாய். "ரெண்டு பேரும் போய் நின்னா ஊரே சிரிக்கும்லே. ஒருத்தனாவது இரு." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்பது வருஷம் இருந்தேன். அதில் முதல் இரண்டு குளிர்காலம் அந்த நாற்பது குழியைச் சுத்தம் செய்ததுதான் வேலை. கலந்த மண்ணை அள்ளிச் சலித்து, மலைப் பக்கமிருந்து புதுச் சாம்பல் சுமந்து வந்து போட்டேன். பதினெட்டுக் கொடி பட்டுப்போனது. பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டு ஒவ்வொன்றாக எழுப்பினோம். "உன் கூட்டாளி கெடுத்ததை நீ சரி செய்கிறாய், நல்லவன்" என்று மேஸ்திரி என் தோளைத் தட்டுவான். அந்தத் தட்டு உனக்கு விழ வேண்டியது. தோளைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

நான் ஊருக்குத் திரும்பியபோது நீ கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாய். தீப்பெட்டிப் பண்டல், கடலை மிட்டாய்ப் பெட்டி, கிடைத்த சுமை. ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "என்னலே, கன்னமெல்லாம் செவந்துட்டு, அங்கன ஒயினாக் குடிச்சியா?" என்றாய். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ இரண்டு அறை அறைந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "மச்சான், அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தேன். "டீ ஆறுது, குடி" என்றாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்க விட்டதே இல்லை.

ஆனால் உன் வீட்டில் அந்தப் பேச்சு இல்லாத நாள் இல்லை. உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி முறை, என்னைக் கண்டால் விட மாட்டாள், தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள். "பாருங்கண்ணே, அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போயி, ஒரு மண்ணக் கொத்தலாமா கொத்தக் கூடாதான்னு தெரியாம வேலையப் போக்கடிச்சிட்டு வந்தாவ. நீங்க சூதானமா இருந்தீய, வீடு கட்டிட்டீய. இவிய ஆட்டோவுக்கு டயர் மாத்துதாவ." நீ தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "ஆமா, என் புத்தி அவ்ளோதான்" என்பாய். நான் தோசையைத் தின்றுகொண்டிருப்பேன். எத்தனை தோசை, மச்சான். உன் மகன் சின்னப் பையனாக இருந்தபோது பாடத்தில் தப்புப் போட்டால், "அப்படியே அப்பன்" என்பாள். அவன் அதைக் கேட்டு வளர்ந்தான். நீ உன் பெண்டாட்டியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. சொல்லியிருந்தால் நான் உன் வாசல்படி ஏற முடியாது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் வந்துபோக வேண்டும் என்பதற்காக உன் வீட்டிலேயே நீ மக்காக இருந்தாய். இதை நான் புரிந்துகொண்ட பிறகும் வந்துபோனேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று நான் போனபோது அவள் கடலை மிட்டாய்க் கம்பெனியில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, மோர் கொடுத்தாள். இளைத்துவிட்டாள். "என்னண்ணே, மழையும் அதுவுமா? வயக்காட்ட விட்டுட்டு வந்திருக்கீய?" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த நாற்பது குழியைக் கொத்தச் சொன்னது அவன் இல்லை, நான்தான் என் இஷ்டத்துக்குக் கொத்தினேன், எனக்காகப் பழியை அவன் எடுத்துக்கொண்டான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன்.

அவள் முதலில் நம்பவில்லை. "அவிய சொல்லாமலா நீங்க கொத்துனீய?"

"சொல்லல. கொத்தக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தான்."

"அவிய அங்கன இல்லயா?"

"வேற தீவுல இருந்தான்மா."

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சமையல்கட்டுப் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"சாகுததுக்கு முந்தின நாளும் சொன்னேண்ணே. டயரு வெடிச்சு வந்து நின்னாவ. ஒழுங்கா ஒரு மண்ணக் கொத்தத் தெரிஞ்சிருந்தா இந்த டயருகூட மல்லுக்கட்ட வேண்டியிருக்குமான்னு கேட்டேன். சிரிச்சாவ. சிரிச்சிட்டுச் சோறு போடுன்னாவ. பத்தொம்பது வருசம். சோறு போட்டுச் சொல்லியிருக்கேன், சோறு போடாமச் சொல்லியிருக்கேன், என் பொறந்த வீட்டு ஆளுவ முன்னால சொல்லியிருக்கேன்."

"நான் முன்னாலயே சொல்லியிருக்கணும் தாயீ."

"முன்னால சொல்லியிருக்கணும்" என்றாள். "இல்லன்னா சொல்லாமயே இருந்திருக்கணும். இப்ப யாருகிட்டப் போயி நான் கேக்க? நீங்க எறக்கி வச்சிட்டீய. நான் எங்க கொண்டுபோய் எறக்க?"

மச்சான், உனக்குத் தெரியாதது என்று சொன்னேனே, இதுதான். எட்டு மாசமாக இதைச் சொல்லிவிட்டால் உனக்கு நியாயம் செய்ததாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நல்லது செய்வதாகக்கூட நினைத்தேன். ஈரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அன்றைக்குக் கிளம்பியதும் இப்படித்தான். நீ எனக்காக மட்டும் மறைத்தாய் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், இத்தனை வருஷம் ஏசிய பிறகு உண்மை தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள் என்றும் மறைத்திருப்பாயோ என்று தோன்றுகிறது. கேட்க நீ இல்லை.

நான் எழுந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது கூப்பிட்டாள்.

"அண்ணே. நாயித்துக்கெழம மவன் மெட்ராசுல இருந்து வாரான். நீங்க வரணும். வந்து இத அவங்கிட்ட நீங்களே சொல்லணும்."

"நீ சொல்லேம்மா."

"நான் சொன்னா, செத்துப்போன மனுசனுக்காக அம்மா ஏதோ நல்லதாச் சொல்லுதான்னு நெனச்சுக்கிடுவான். அவன் அவிய அப்பாவ ஒரு நாளும் கெட்டிக்காரன்னு நெனச்சதில்ல. நெனைக்க விட்டது நானு. அவன் கேக்கணும். உங்க வாயால கேக்கணும்."

சரி என்று வந்துவிட்டேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கும் ஒதுங்கவில்லை, நனைந்தே வந்தேன். இன்று காலை வயலில் பதம் சரியாக இருந்தது, என் மகன் ஆள் விட்டுக் கொத்திக்கொண்டிருக்கிறான். என்னையும் கூப்பிட்டான். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அலுப்பாக இருக்கிறது, மச்சான். வயசின் அலுப்பு இல்லை. ஒரே பொய்யைப் பத்தொன்பது வருஷம் தினமும் புதிதாகச் சொல்லிக்கொண்டு வந்த அலுப்பு.

இன்றைக்கு வெள்ளி. உன் மகனைக் காரியத்தன்று பார்த்ததுதான். மொட்டை அடித்து, நெற்றியில் விபூதி போட்டு அவன் திரும்பியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் நீ. அதே மூக்கு, சிரிப்பு வராதபோதும் சிரிக்கிற மாதிரி அதே வாய். ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் நான் சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் அந்த முகத்துக்கு எதிரேதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.